விறகுக்கு ஒரு கூரை

ஒரு வீட்டில் எரியப்போகும் பொருள், எரிவதற்கு முன்னால் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை நகரவாசிகளில் யாரும் இப்போது கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. மின்சாரம் சுவருக்குள் மறைந்த கம்பியில் வருகிறது. சமையல்வாயு சிலிண்டருக்குள் அடைபட்டோ, புதிய குடியிருப்புகளில் மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாகவோ வருகிறது. இரண்டையும் கண்ணால் கண்டவர் இல்லை, அள்ளிக் கையில் வைத்துப் பார்த்தவரும் இல்லை. நாம் எவ்வளவு எரித்தோம் என்பதற்கு மாதக் கடைசியில் வந்து சேரும் ரசீது ஒன்றுதான் சாட்சி. விறகு அவ்வளவு அடக்கமான பொருளல்ல. அது இடத்தை அடைத்துக்கொள்ளும். நனையும், உலரும், உளுத்துப்போகும். கறையானையும் தேளையும் பாம்பையும் வீட்டுக்கு வரவழைக்கும். இத்தனைக்கும் பரிகாரமாகத் தனக்கென்று ஓர் இடத்தைக் கேட்கும். அந்த இடத்தை என் வீட்டுக் கொல்லையில் நானே முனைந்து கட்டிக் கொடுத்ததைப் பற்றியும், கட்டும்போது கல்லும் ஓடும் எனக்கு அறிவித்த சில விஷயங்களைப் பற்றியும் சற்று விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன்.

1898ஆம் வருஷத்துப் பிளேகுக்குப் பிறகு, நெரிசலான பழைய பேட்டைகளை விட்டு ஜனங்கள் காற்றோட்டமாக வாழவேண்டும் என்ற நோக்கத்தோடு பெங்களூரில் வகுக்கப்பட்ட மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும், வீட்டுக்கு முன்னால் ஒரு தோட்டம் விட்டதைப் போலவே பின்னால் ஒரு கொல்லையும், அதற்கும் அப்பால் துப்புரவுத் தொழிலாளர் வந்துபோக ஒரு சந்தும் விட்டார்கள். கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், கறிவேப்பிலை, இரண்டொரு தென்னை, இவற்றோடு வீட்டை ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு குளியலறை; அதில் செங்கல் அடுப்பின்மேல் கழுத்துவரை பதித்த பெரிய தாமிர அண்டா. இதைக் கன்னடத்தார் ஹண்டெ என்பார்கள். அடுப்பின் வாய் வெளியே கொல்லையைப் பார்த்திருக்கும். ஆகையால் தீ மூட்டுகிறவர் வெளியிலும் குளிக்கிறவர் உள்ளேயும் இருந்துகொண்டு, சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பேசிக்கொள்வது வழக்கம். சிவசமுத்திரத்திலிருந்து 1905இல் மின்சாரம் வந்து தெருவும் கூடமும் வெளிச்சமான பிறகும், இந்த அண்டாவின் கீழே எரிந்தது வெகுகாலம் விறகுதான். இன்று மொட்டைமாடிகளில் சூரிய வெந்நீர்க் கருவிகள் வந்துவிட்டன. பெங்களூரைப் போல் அவற்றை வரவேற்ற நகரம் இந்தியாவில் அபூர்வம். ஆனால் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்போது அந்தக் கருவி தருவது வெதுவெதுப்பான தண்ணீர் மட்டுமே. எங்கள் வீட்டில் அண்டாவை எடுத்து விற்றுவிடாமல் வைத்துக்கொண்டதற்கு அந்த இரண்டு மாதங்களே முதற்காரணம்.

அந்நாளில் விறகு டிப்போ இல்லாத வட்டாரம் இந்நகரில் கிடையாது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அன்றன்றைக்குக் கூலி வந்ததும் அன்றன்றைக்கு வேண்டிய விறகை நிறுத்து வாங்கின. வசதியுள்ளவர்கள் வண்டிக்கணக்கில் இறக்கிக் கொல்லையில் அடுக்கினார்கள். மழைக்காலத்தில் நனைந்த விறகை நிறுத்து வாங்கியவர் தண்ணீருக்கும் சேர்த்தே விலை கொடுத்தார். விறகைப் போட்டு வைக்க இடமில்லாதவர்தான் அப்படி வாங்க நேர்ந்தது. இந்த ஏற்றத்தாழ்வை ஊகமாக விட்டுவிடாமல் கணக்கெடுத்து எழுதியவர்கள் இந்நகரத்திலேயே இருந்தார்கள். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சதீஷ் தவான் இயக்குநராக இருந்த காலத்தில், மின்வேதியியல் அறிஞரான அமுல்ய குமார் ரெட்டி 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கினார். அவரும் சுதாகர ரெட்டியும் பெங்களூரின் விறகைப் பற்றி 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை, வருமானம் ஏற ஏறக் குடும்பங்கள் விறகை விட்டு மண்ணெண்ணெய்க்கும் பிறகு எரிவாயுவுக்கும் எவ்வாறு நகர்கின்றன என்பதைக் காட்டியது. தும்கூர் மாவட்டத்தில் குணிகல் தாலூகாவைச் சேர்ந்த கிராமங்களில் அஸ்த்ராவினர் செய்த ஆராய்ச்சியோ இன்னும் ஆழமான ஓர் உண்மையை வெளியிட்டது: கிராமத்துப் பெண்கள் பொறுக்கி வருவது பெரும்பாலும் சுள்ளியும் காய்ந்த கிளையும், அடிமரத்தை வெட்டி லாரியில் ஏற்றி வரச்செய்தது நகரத்தின் பசி. காடு அழிவதற்குக் கிராமத்து அடுப்பின்மேல் பழிபோட்டுக்கொண்டிருந்த நம்மில் பலர் அந்த முடிவை இன்னும் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

விறகைப் பற்றிப் பிரியத்தோடு எழுதுகிறவர்கள் அதன் புகையைப் பற்றி எழுதாமல் விடுவது நியாயமல்ல. ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஜன்னலில்லாத சமையலறையில் ஆயுளைக் கழித்த பெண்களின் மார்புக்குள் அந்தப் புகை என்ன செய்தது என்பது வைத்திய சாஸ்திரம் நன்றாக அறிந்த சங்கதி. மதுரைச் சொக்கநாதர் பாணபத்திரருக்காக விறகு விற்பவராக வந்து, ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் கட்டை இறக்கிவைத்துச் சாதாரிப் பண் பாடினார் என்று திருவிளையாடற் புராணம் ஒரு படலமே வகுத்துச் சொல்கிறது. விறகுச் சுமையை இறைவனின் தலையிலேயே ஏற்றிப் பார்த்த நாம், அதே சுமையோடு மைல்கணக்கில் நடந்த பெண்ணின் கழுத்தை நினைத்துப் பார்த்தோமா என்றால், இல்லை. அந்தச் சமையலறைக்குத் திரும்பவேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அஸ்த்ராவினர் அதனால்தான் மூடிய அறையும், சாம்பல் இறங்க இரும்புச் சல்லடையும், புகைபோக்கியும் கொண்ட மூன்று பாத்திர அடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். நான் பேசுவது திறந்த கொல்லையில், புகைபோக்கி வைத்த குளியலடுப்பைப் பற்றி; அதிலும் உலர்ந்த விறகைப் பற்றி மட்டும். உலராத விறகை எரிக்க ஒருவருக்கும், நகரத்தில் வாழ்கிறவருக்கு முக்கியமாக, உரிமை இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஏனென்றால் அப்போது வெட்டிய மரம் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் உஷ்ணம் ஒரு நஷ்டம்தான். ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. தண்ணீர் இருக்கும்வரை தீ சூடேறுவதில்லை. சூடேறாத தீயில், மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரியாமலே புகையாகவும் கரிப்பிசினாகவும் வெளியேறி, பாதி புகைபோக்கியிலும் பாதி அடுத்த வீட்டு மாடியில் உலரும் துணியிலும் படிகின்றன. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதே கட்டை மஞ்சள் ஜுவாலையோடு ஏறக்குறையப் புகையின்றி எரியும். ஆகவே விறகைச் சேமிப்பது என்பது விறகிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவதே. மழையிலிருந்து அதைக் காப்பது அந்தக் காரியத்தில் ஒரு பகுதி மட்டும். தார்ப்பாயைப் போட்டுச் சுற்றிலும் இறுக மூடிவிடுகிறவர்கள் இந்தப் பகுதியை முழுமையென்று எண்ணிக்கொள்கிறார்கள். மூடிய பாயின் உட்புறம் காலையில் முத்துமுத்தாக நீர் கோத்து நிற்பதையும், சில வாரங்களில் பட்டையின்மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்வதையும் எவரும் பார்க்கலாம். விறகுக்கு வேண்டியது தலைக்குமேல் ஒரு கூரையும், மற்ற எல்லாப் பக்கங்களிலும் காற்றும். சுவர் எழுப்பத் தெரிந்தவர் சுவர் எழுப்பாமல் தம்மை அடக்கிக்கொள்ள வேண்டிய கட்டடம் இது ஒன்றுதான்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் இதற்கு இடம் தேர்ந்தெடுக்க முடியாது. கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த மேட்டுநிலத்தில் மழைக்கு இரண்டு வாசல்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் தூறலாகவும் சாரலாகவும் வருவது ஒன்று. அக்டோபர், நவம்பரில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது மற்றொன்று. இவற்றுக்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் மாலைநேரத்து இடிமழை எந்தத் திசையையும் மதியாமல் வந்து கிளைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போகும். ஜனவரியிலிருந்து மார்ச்சு வரை நல்ல உலர்காலம்; மார்ச்சுப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. இவையெல்லாம் பஞ்சாங்கத்தைப் போல் மனத்தில் பதிந்த பிறகே, கொட்டகையின் தாழ்ந்த முதுகை மேற்கே திருப்பி, உயர்ந்த முகத்தைக் கிழக்கே வைத்து, வடகிழக்கு மழைக்காக முன்புற இறவாணத்தை மட்டும் இரண்டடி நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். சாரல் அடித்துக் கீழ்வரிசைகளின் முகம் நனைந்தால் பாதகமில்லை. மறுநாள் வெயில் அதைத் துடைத்துவிடும். மேலிருந்து ஒழுகி அடுக்கின் வயிற்றுக்குள் இறங்கும் நீர்தான் விறகைக் கெடுப்பது. மதில்சுவருக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒன்றரை அடி விட்டேன். காற்றும் போகவேண்டும், துடைப்பம் பிடித்த கையும் போகவேண்டும்.

தூண்களுக்கு மரத்தை நான் யோசிக்கவே இல்லை. மண்ணில் நட்ட மரத்தைக் கறையான் விடாது. மேலும் பெங்களூரைச் சுற்றியுள்ள சீமையில் வேலிக்கும் பந்தலுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் கல்தூண் நடுவது தொன்றுதொட்ட சம்பிரதாயம். எட்டடி அகலம், நாலடி ஆழம். முன்னால் மூன்று தூண், பின்னால் மூன்று தூண். தரைக்குமேல் முன்தூண் ஏழடி, பின்தூண் ஐந்தடி. குழிகளைக் கடப்பாரையால் நானே தோண்டினேன். கல்லை நிறுத்துவது ஓராளின் வேலையல்ல. ஒன்பதடி நீளமும் ஆறங்குல அகலமும் நாலங்குல கனமும் உள்ள ஒரு தூண் 100 கிலோவுக்குக் குறையாது. ஓசூர்ப் பக்கத்துக் கல்தச்சர் ஒருவர் தம் மகனோடு வந்து உதவினார். இரண்டடி ஆழம் அதிகமோ என்று நான் கேட்டபோது, அவர் தூணைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடியே, “ஆழத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க சார்; மேல எத்தனை அடி நிக்குதோ அத்தனைக்கும் காத்து தள்ளும், கீழ இருக்கிறதுதான் பிடிச்சுக்கணும்” என்றார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குழியில் உடைகல்லும் ஈரமண்ணும் மாறிமாறிப் போட்டுக் கடப்பாரையின் மொட்டைப்பக்கத்தால் இடித்தோம். தூணின் தலையில் உத்தரம் உட்காருவதற்கான பள்ளத்தை அவர் உளியால் வெட்டிக் கொடுத்தார். தரைக்கும் கல்தான்: சைஸ் கற்களை வரிசையாகப் பதித்து, அவற்றின்மேல் முக்கால் அடி உயரத்தில் கற்பலகைகளை விரலளவு சந்து விட்டுப் பரப்பினோம்.

அந்தப் பலகைகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பழைய கட்டுரை ஞாபகம் வந்தது. 1895இல் வார்த் என்ற ஆய்வாளர் ‘நேச்சர்’ பத்திரிகையில் இந்தியாவில் கருங்கல் எடுக்கும் முறையைப் பற்றி எழுதினார். அவர் வருணித்தது பெங்களூர்க் கல்லுடைப்பாளர்களை. பாறையின்மேல் ஒரே கோடாக விறகுத் தீ மூட்டி, அதை மெல்ல மெல்ல முன்னே நகர்த்துவார்கள். சூட்டில் விரிந்த மேற்பாளம் அடிப்பாறையை விட்டுப் பிரியும். தீக்கு முன்னால் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே பிளவு எதுவரை ஓடியிருக்கிறதென்று அறிந்துகொள்வார்கள். அடிக்கணக்கில் நீளமும் அகலமும், ஆனால் சில அங்குலமே கனமும் கொண்ட தகடு முழுசாகக் கழன்று வரும். பிறகு அதைத் துளையிட்டு ஆப்படித்து வேண்டிய பலகைகளாகவும் தூண்களாகவும் பிளந்துகொள்வார்கள். லால்பாகில் குன்றாக நிற்கும் பாறைக்குச் சுமார் 300 கோடி வருஷ வயது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்கிறார்கள். அந்த வயதுடைய கல்லை இவர்கள் வெடிமருந்தில்லாமல், ஒரு வண்டி விறகாலும் கூர்ந்த செவியாலும் எழுப்பி எடுத்தார்கள். இன்று இயந்திரம் அறுக்கிறது. ஆனால் இந்நகரத்துப் பழைய வீடுகளின் வாசற்படியிலும், கிணற்றடியிலும், துவைக்கிற கல்லிலும் எங்கோ எரிந்த விறகுத் தீ இருக்கிறது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

கூரைக்கு வந்தபோதும் அதே எண்ணம் என்னை விடவில்லை. இடிக்கப்படும் பழைய பங்களாக்களின் சாமான்களை விற்கும் ஒரு கிடங்கில் உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் வேண்டிய பழைய தேக்கு கிடைத்தது; மங்களூர் ஓடும் அங்கேயே கிடைத்தது. பாஸல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் ஜெப்பு என்ற இடத்தில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதன் ஓடுகள் முதுகில் அந்த வருஷத்தைத் தாங்கிக்கொண்டு மேற்குக்கரை முழுதும், பிறகு தக்காணத்துக்கும், கடல் கடந்தும் சென்றன. நான் வாங்கிய குவியலில் ஒன்றைத் திருப்பிப் பாசியைச் சுரண்டியபோது 1865 என்ற எண் மேடாக விரலில் தட்டுப்பட்டது. ஆற்றங்கரைக் களிமண்ணை அச்சில் அழுத்தி, விறகுச் சூளையில் வேகவைத்துச் சிவக்கச் செய்த பொருள் அது. ஆணி ஒன்றாவது இந்தச் சம்பந்தத்துக்கு அப்பாற்பட்டது என்று நினைத்தால், 1923இல் பத்ராவதியில் மைசூர் ராஜ்யத்தின் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியபோது அதன் உலை எரிந்ததும் மலைநாட்டுக் காடுகளின் மரக்கரியால்தான். விறகைக் காப்பதற்கென்று நான் கையிலெடுத்த கல், ஓடு, இரும்பு மூன்றும் ஒரு காலத்தில் விறகால் உண்டானவை. எரிந்து தீர்ந்ததாக நாம் நினைத்துக்கொள்ளும் காடுகள் நம் வீட்டில் திண்மையாகவும் நிழலாகவும் இன்னும் நிற்கின்றன. கணக்கில் எழுதாமல் விட்ட கடனைப் போல, என்றே எனக்குப் பட்டது.

ஓடு வேய்வதில் ஒரு நுட்பம் உண்டு. ரீப்பர்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதை அளவுகோல் தீர்மானிப்பதில்லை; கையிலிருக்கும் ஓடுதான் தீர்மானிக்கிறது. ஓட்டின் அடியில் இருக்கும் மூக்கு ரீப்பரைப் பற்ற வேண்டும், மேல் ஓட்டின் வால் கீழ் ஓட்டின் தலையை மூடவேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் இந்தக் கணக்கு நூலிழை வேறுபடும். ஆகையால் முதலில் இரண்டு வரிசையைத் தரையில் பொருத்திப் பார்த்து, அந்த இடைவெளிக்கு ஒரு குச்சியை நறுக்கிக்கொண்டு, அந்தக் குச்சியை வைத்தே ரீப்பர் முழுவதையும் அடித்தேன். நாலடிக்கு இரண்டடி சரிவு. அதற்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் இடுக்கில் பின்னோக்கி ஏறும். இறவாணத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வேய்ந்துகொண்டு போகையில், ஒவ்வொரு ஓடும் தன் பள்ளத்தில் உட்காரும்போது ஒரு சிறிய சத்தம் கேட்கும்; சத்தம் மந்தமாக இருந்தால் ஏதோ மண்கட்டியோ விரிசலோ இருக்கிறதென்று அர்த்தம். பக்கவாட்டில் அங்குல இடைவெளியில் மரச்சட்டங்களை அடித்தேன். முதுகுப்புறம் ஒன்றும் அடைக்கவில்லை.

இடம் தயாரான பிறகு அதில் வைக்கப்போகும் பொருளுக்காக ஒரு மரத்தையும் வெட்டவில்லை. கர்நாடகத்தில் 1976ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சில ஜாதி மரங்கள் நீங்கலாக, சொந்தக் கொல்லையில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்குக்கூட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். இதை நான் ஒரு நல்ல தடையாகவே கருதுகிறேன். வெட்டாமலே இந்நகரத்தில் விறகு கிடைக்கிறது. கோடையிடி ஒவ்வொன்றுக்கும் குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் கிளையொடிந்து தெருவை மறிக்கின்றன. தென்னை மட்டையும் பாளையும் தாமாகவே விழுகின்றன. கிழடாகிச் சாயும் சில்வர் ஓக் மரத்தைத் துண்டுபோட்டு அகற்றுகிறவர்கள் அதை எடுத்துச் செல்ல ஆள் தேடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சில்வர் ஓக் கோடாலி பட்டதும் நேராகப் பிளந்து கொடுக்கும். சீக்கிரம் காயும், சீக்கிரம் எரிந்தும் போகும். நீலகிரித் தைலமரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் அதன் முறுக்கிய நார் ஆப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. புளி, கோடாலிக்காரனின் தோளைச் சோதிக்கும். ஆனால் அதன் கங்கு நெடுநேரம் நிற்கும். சவுக்கு எல்லாவற்றிலும் மேலானது. கரையோரத்தில் ரயில் எஞ்சினுக்காகவே அதைத் தோப்புத் தோப்பாக வளர்த்த காலம் உண்டு. முருங்கை விறகுக்கும் ஆகாது.

கட்டையை அடுக்குவதற்கு முன் பிளக்கவேண்டும். மரத்தின் நீர் நாரின் வழியே ஓடுகிற வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட நாரைக் குறுக்கே கடந்து வருவதில்லை; பட்டையோ அதற்கும் தடை. பிளந்த முகத்துக்கும் அறுத்த முனைக்கும் காற்றுப் படும்படி, முனைகள் முன்னும் பின்னும் பார்க்க அடுக்கினால், உலர்காலத்தில் சில வாரங்களுக்குள் முனைகளில் மையத்திலிருந்து கதிர்களாக வெடிப்புகள் ஓடக் காணலாம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் ஈரமுள்ளது மொத்தென்றும் காய்ந்தது கணீரென்றும் சொல்லும். பாறையில் சுத்தியலைத் தட்டிக் கேட்டவர்களின் வித்தையே இதுவும். பட்டை மேலே இருக்கவேண்டுமா கீழே இருக்கவேண்டுமா என்பதில் உலகம் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. விறகின்மேல் மிகுந்த பக்தி கொண்ட நார்வே தேசத்தில் 2013இல் தேசியத் தொலைக்காட்சி ஓர் இரவு முழுவதும் விறகைப் பற்றியே ஒளிபரப்பியபோது, பட்டை மேலே இருக்கிறதென்று குறைகூறிச் சிலரும், கீழே இருக்கிறதென்று குறைகூறி ஏறக்குறைய அதே அளவு பேரும் செய்தி அனுப்பினார்களாம். கூரையில்லாத அடுக்குக்குப் பட்டையே கூரை, ஆகவே மேலே; கூரையுள்ள இடத்தில் பிளந்த முகம் மேலே இருந்து காற்று வாங்கட்டும் என்பது என் கட்சி.

கறையானைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கல் அதைத் தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், தடுப்பதில்லை, காட்டிக்கொடுக்கிறது. மழை தொடங்கிய பிறகு ஒருநாள் காலை நடுத்தூணின் நிழல்புறத்தில் தரையிலிருந்து பென்சில் பருமனில் ஒரு மண்குழாய் ஏறியிருந்தது. மண் இன்னும் ஈரமாக, கல்லைவிட இரண்டு நிறம் கருத்திருந்தது. நகத்தால் ஓரிடத்தில் உடைத்தபோது உள்ளே வெளிறிய வேலைக்காரப் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் ஒரு கணம் தயங்கி, இரு கூட்டமாகப் பிரிந்து மேலும் கீழும் ஓடின. மண்ணோடு உள்ள தொடர்பு அறுந்தால் இந்த ஜாதிக் கறையானுக்கு ஈரமில்லை, ஈரமில்லையென்றால் ஜீவிதமில்லை. வாரத்துக்கு ஒருமுறை தூணைச் சுற்றி ஒரு பார்வையும் துடைப்பத்தால் ஒரு வீச்சும் போதும்; மருந்து வேண்டியதில்லை. தரைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் போகும்படி விட்டதால் பாம்பும் அங்கே தங்க விரும்பாது.

இந்தக் கொட்டகைக்கு உண்மையான பரீட்சை தீபாவளி. கன்னட நாட்டில் நரக சதுர்த்தசிக்கு முந்திய மாலை ‘நீரு தும்புவ ஹப்ப’: கிணற்றடியைக் கழுவி, அண்டாவைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்து, கோலமும் மஞ்சள் குங்குமமும் இட்டுப் புதுநீர் நிரப்பி வைப்பார்கள். இங்கே பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. விடிவதற்கு முன் எண்ணெய் ஸ்நானம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் அடுத்தடுத்து வெந்நீர். ஆனால் வருஷத்தில் மரம் மிகவும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கிடக்கும் சமயமும் அதுவே. செப்டம்பர், அக்டோபர்தான் இந்நகரத்தில் மழை மிகுந்த மாதங்கள். பக்கத்து வீட்டு அஜ்ஜி, மதிலுக்கு அப்பாலிருந்து, மண்ணெண்ணெய் ஊற்றித்தான் பற்றவைக்கவேண்டும் என்று தம் வாழ்நாள் அனுபவத்தைச் சொன்னார். மே மாதத்தில் பிளந்து அடுக்கிய குல்மொஹர்ச் சிராயும் ஒரு காய்ந்த பாளையும் ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டதையும், புகைபோக்கியின் வாயில் புகைக்குப் பதிலாக வெறும் அனல் நடுங்கியதையும் பார்த்துவிட்டு, மறுநாளே தம் பேரனை அனுப்பிக் கொட்டகையின் அளவுகளைக் குறித்துக்கொண்டு போகச் சொன்னார்.

எட்டடி நீளம், நாலடி ஆழம், நாலடி உயரம் அடுக்கினால் 128 கனஅடி. அமெரிக்கர்கள் ஒரு ‘கார்ட்’ என்று விற்பது இதே அளவுதான். நம் கலப்பு விறகில் அது ஒரு டன்னுக்குச் சற்று மேலே வரும். 40 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற 1000 கிலோகலோரி வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 3500க்கும் 4000க்கும் இடையே தரும். அதில் கால் பங்குக்குச் சற்று மேல் தண்ணீருக்குள் போய்ச்சேர்ந்தால், ஒருவர் ஸ்நானத்துக்கு ஒரு கிலோ. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டபோது வீட்டில் ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. நடுத்தூணில் மாதப்பிறப்புதோறும் அடுக்கின் உயரத்துக்கு நேராக நான் ஒரு சுண்ணாம்புக் கோடு இழுக்கத் தொடங்கிய பிறகு, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குழந்தைகளே பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். எந்த மீட்டரும் செய்யாத காரியத்தை அந்தக் கோடு செய்தது. ஏனெனில் அது எண்ணைக் காட்டவில்லை, இருந்த இடத்தில் பொருள் இல்லாமற்போனதைக் காட்டியது.

இப்போது கொட்டகையை இரண்டு பிரிவாக நடத்துகிறோம்: தென்புறத்தில் இருப்பது இவ்வருஷம் எரிப்பதற்கு, வடபுறத்தில் இருப்பது அடுத்த வருஷத்துக்கு. பிப்ரவரியிலிருந்து மே வரை மாடியிலுள்ள சூரியக் கருவியே போதும். ஜூன் பிறந்ததும் தென்புறத்தைத் தொடுகிறோம். தீபாவளி கழிந்து மார்கழிக் குளிரும் தீரும்போது அது பெரும்பாலும் காலியாகிவிடும். காலியான பலகைகளைக் கழுவி வெயில் படவிட்டு, கோடையிடியில் விழுகிற கிளைகளுக்காகத் திறந்து வைக்கிறோம். அஜ்ஜி வீட்டுக் கொல்லையிலும் இப்போது நாலு கல்தூண்கள் நிற்கின்றன. ஓடு மட்டும் இன்னும் வரவில்லை.